மிஷன் பேட்ச் சேகரிக்கத் தொடங்குவோருக்கு: வாசிக்கவும் வாங்கவும் ஒரு வழிகாட்டி

மிஷன் பேட்ச் என்பது ஒரு விண்வெளிப் பயணத்துக்கென்று உருவாக்கி, வீரர்கள் உடையில் வைத்துக்கொள்ளும் துணிச் சின்னம். நிலவுக்குப் போன அப்பல்லோ 12 பயணத்தின் பேட்ச் ஒன்று கிடைத்தால் அதை ஒரு பூதக்கண்ணாடியின் கீழே வைத்துப் பாருங்கள். நீலமும் பொன்னிறமுமான வட்டம். நடுவே நிலவைச் சுற்றிப் பாய் விரித்துப் போகும் ஒரு கப்பல். 1969 நவம்பரில் போன மூவரும், அதாவது பீட் கான்ராட், ரிச்சர்ட் கார்டன், ஆலன் பீன், அமெரிக்கக் கடற்படைக்காரர்கள். அதனால்தான் கப்பல், அதனால்தான் கடற்படையின் நிறங்கள். இப்போது கறுப்பு வானத்தில் உள்ள நட்சத்திரங்களை எண்ணுங்கள். நான்கு இருக்கும். போனவர்கள் மூன்று பேர்தான்.

நான்காவது நட்சத்திரம் கிளிஃப்டன் வில்லியம்ஸுக்கு உரியது. அந்தக் குழுவில் இருந்திருக்க வேண்டியவர் அவர். 1967 அக்டோபரில் பயிற்சி விமானம் விழுந்து இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்த ஆலன் பீன்தான் நான்காவது நட்சத்திரத்தைச் சேர்க்கச் சொன்னார். உள்ளங்கையளவு துணியில் ஒரு மனிதரின் நினைவைத் தைத்து வைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகளாக அந்தப் பேட்ச் என்னிடம் இருந்தும் நான் நட்சத்திரங்களை எண்ணியதே இல்லை. எண்ணிய நாளில்தான் எனக்குச் சேகரிப்பு என்றால் என்ன என்று விளங்கியது.

புதிதாக வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள். நான் அவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: வாசிக்கத் தெரிந்த பிறகு வாங்குங்கள். வாசிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம். எது அரியது, எது சந்தையில் கொட்டிக் கிடப்பது என்பதும் அவருக்குத் தானாகவே பிடிபட்டுவிடும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

முதல் படி: வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்கள் தங்கள் கலங்களுக்குத் தாங்களே பெயர் வைத்தார்கள். ஜான் கிளென் 1962இல் பூமியைச் சுற்றியது ‘ஃபிரெண்ட்ஷிப் 7’ என்ற மெர்குரி வகைக் கலத்தில். அடுத்து வந்தவை இருவர் போகும் ஜெமினி கலங்கள். 1965இல் ஜெமினி 3 பயணத்துக்கு கஸ் கிரிஸம் வைத்த ‘மாலி பிரவுன்’ என்ற பெயர் நாசா மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. அதன்பின் பெயர் சூட்டும் உரிமை நின்றுபோனது.

அடுத்து ஜெமினி 5இல் போக இருந்த கார்டன் கூப்பருக்கும் பீட் கான்ராடுக்கும் இது மனக்குறை. இருவரும் ராணுவ விமானிகள். விமானப் படைப்பிரிவுகளில் ஒவ்வொரு பிரிவுக்கும் உடையில் தைத்துக்கொள்ளும் சின்னம் உண்டு. பெயர்தானே கூடாது, சின்னம் வைத்துக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். அவர்கள் வரைந்தது ஒரு மூடு வண்டி. அமெரிக்கக் குடியேறிகள் மேற்கு நோக்கிப் போன காலத்து வண்டி. அதன் மேலே, ‘8 நாள், இல்லையேல் ஒன்றுமில்லை’ என்ற பொருளில் ஒரு வாசகம். நிலவுக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ 8 நாள் ஆகும். அத்தனை நாள் மனித உடல் தாங்குமா என்று பார்ப்பதுதான் அந்தப் பயணத்தின் நோக்கம்.

நாசாவின் தலைவர் ஜேம்ஸ் வெப் அந்த வாசகத்தைப் பார்த்துக் கவலைப்பட்டார். 8 நாளுக்கு முன்பே திரும்ப நேர்ந்தால் பத்திரிகைகள் அந்த வாசகத்தையே எடுத்து அடிக்கும். கடைசியில் சின்னத்துக்கு அனுமதி தந்தார், பயணம் முடியும்வரை வாசகம் வெளியே தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடு. வாசகத்தின் மேல் ஒரு துண்டுத் துணியைத் தைத்து மூடிவிட்டார்கள். 1965 ஆகஸ்ட் 21இல் கிளம்பியவர்கள் 8 நாளுக்கு ஒரு மணி நேரம் போலக் குறைவாக விண்ணில் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். அன்று தொடங்கிய வழக்கம் இன்றுவரை விட்டுப்போகவில்லை.

விண்ணுக்குப் போன முதல் சின்னம் எது என்று கேட்டால் இன்னும் இரண்டு ஆண்டு பின்னே போக வேண்டும். 1963 ஜூனில் சோவியத் ஒன்றியத்தின் வோஸ்டாக் 6இல் பறந்த வாலன்டினா தெரஷ்கோவாவின் உடையில் ஒரு வெள்ளைப் புறா தைக்கப்பட்டிருந்தது. மேலே போட்டிருந்த ஆரஞ்சு நிற உடை அதை மறைத்துவிட்டதால் வெகுகாலம் பலருக்கும் தெரியாமலே இருந்தது.

இந்த வரலாறு பணத்தையும் காப்பாற்றும். 1961, 1962 ஆண்டு மெர்குரி பயணங்களுக்கும் ஜெமினி 3, ஜெமினி 4 பயணங்களுக்கும் அழகழகான பேட்ச்கள் விற்பனைக்கு வருவதைப் பார்ப்பீர்கள். அந்தப் பயணங்களின்போது அப்படி ஒரு பேட்சே கிடையாது. எல்லாம் பின்னாளில் நினைவுப் பொருளாகச் செய்தவை. வாங்கலாம், தவறில்லை. ‘அந்தக் காலத்து அசல்’ என்று சொல்லி விலை ஏற்றினால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: பேட்சை வாசிக்கப் பழகுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பெரும்பாலான பேட்ச்களில் பயணம் போகிறவர்களே முதல் கோட்டைப் போடுகிறார்கள். ஓவியர் பிறகு வந்து செப்பனிடுகிறார். ஆகவே ஒவ்வொன்றிலும் அந்தக் குழுவின் மனம் இருக்கும்.

முதலில் வடிவத்தைப் பாருங்கள். அப்பல்லோ 8 பேட்ச் வட்டமாக இருக்காது. அடி அகன்று தலை குறுகி, அவர்கள் திரும்பி வந்த கலத்தின் வடிவத்திலேயே இருக்கும். உள்ளே ஒரு சிவப்பு 8. அதன் ஒரு வளையம் பூமியைச் சுற்றுகிறது, மற்றது நிலவைச் சுற்றுகிறது. பயண எண்ணும் பயணப் பாதையும் ஒரே கோட்டில். குழுவில் ஒருவரான ஜிம் லவல் ஒரு விமானப் பயணத்தில் உட்கார்ந்தபடியே கிறுக்கியது அது. இத்தனை குறைந்த கோடுகளில் இத்தனை சொன்ன சின்னம் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

அடுத்து பெயர்களைத் தேடுங்கள். ஓரத்தில் வீரர்களின் பெயர் இருப்பது பொது வழக்கம். பெயர் இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேளுங்கள். அப்பல்லோ 11இல் பெயர் இல்லை. நிலவில் இறங்கும் முதல் பயணத்துக்காக உழைத்த அத்தனை பேருக்கும் அந்தச் சின்னம் பொதுவாக இருக்க வேண்டும் என்று மூவரும் முடிவு செய்தார்கள். எண்ணை எழுத்தால் எழுதாமல் 11 என்று இலக்கத்தில் போட்டதும் ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காகத்தான். சின்னத்தில் நிலவில் இறங்கும் கழுகை, மூவரில் ஒருவரான மைக்கேல் காலின்ஸ் ஒரு பறவை நூலிலிருந்து படியெடுத்து வரைந்தார். அவர் வரைந்தபோது சமாதானத்தின் அடையாளமான ஆலிவ் கிளை கழுகின் அலகில் இருந்தது. விரிந்த நகங்கள் மிரட்டுவதுபோல் இருப்பதாக மேலிடத்தில் ஒருவருக்குப் பட்டது. கிளை அலகிலிருந்து கால்களுக்கு இறங்கியது; நகங்கள் மறைந்தன. கழுகுக்கு அது அவ்வளவு வசதியாக இல்லை என்றே காலின்ஸ் பின்னாளில் எழுதினார். இன்னொன்றையும் கவனியுங்கள்: பின்னால் தெரியும் பூமியின் இருட்டு இடப்பக்கம் இருக்கிறது. நிலவில் நின்று பார்த்தால் அது கீழ்ப்பக்கம் இருந்திருக்க வேண்டும். அந்தப் பிழையும் இப்போது அந்தச் சின்னத்தின் அடையாளமாகிவிட்டது.

அப்பல்லோ 13இலும் பெயர் இல்லை. சூரியத் தேரை இழுக்கும் மூன்று குதிரைகளும், ‘நிலவிலிருந்து அறிவு’ என்று பொருள்படும் லத்தீன் வாசகமும் மட்டும். கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, குழுவில் இருந்த கென் மாட்டிங்லிக்கு அம்மைத் தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்ற அச்சத்தில் ஜாக் ஸ்விகெர்ட்டை மாற்றி அனுப்பினார்கள். சின்னத்தில் பெயர் இல்லாததால் எதையும் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கவில்லை.

ஒளித்து வைத்தவற்றைத் தேடுவது தனி இன்பம். அப்பல்லோ 15 பேட்சை இத்தாலிய உடை வடிவமைப்பாளர் எமிலியோ புச்சி உருவாக்கினார். மூன்று பறவைகள் நிலவின் மேல் தாழப் பறக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் உள்ள பள்ளங்களின் நிழலை உற்றுப் பார்த்தால் ரோமன் எண்ணில் பதினைந்து தெரியும். விண்ணோடம் என்ற ஸ்பேஸ் ஷட்டிலின் பயணங்களுக்கு எஸ்.டி.எஸ். என்று எண்ணிட்டார்கள். எஸ்.டி.எஸ். 7இல் அமெரிக்காவின் முதல் விண்வெளி வீராங்கனை சாலி ரைடு போனார். அந்தப் பேட்சில் உள்ள ஒரு சிறு குறியில் நான்கு ஆண் அடையாளங்களும் ஒரு பெண் அடையாளமும் பிணைந்திருக்கும். 2008க்குப் பிந்தைய ஸ்பேஸ்எக்ஸ் பேட்ச்களில் அதிர்ஷ்டத்துக்கு வைக்கும் நாலிலைத் தழை ஒன்று எங்கேனும் இருக்கும். மூன்று முறை தோற்ற ஃபால்கன் 1 ராக்கெட், அந்தத் தழை சேர்த்த நான்காம் முறை, 2008 செப்டம்பரில், சுற்றுப்பாதையை எட்டியது. அதிலிருந்து அதை விடவில்லை.

சேலஞ்சர் விண்ணோடத்தின் கடைசிப் பயணமான எஸ்.டி.எஸ். 51-எல் பேட்சில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் சின்னஞ்சிறு ஆப்பிள் ஒன்று இருக்கிறது. கிறிஸ்டா மெக்காலிஃப் பள்ளி ஆசிரியை. ஆசிரியருக்கு ஆப்பிள் கொடுப்பது அவர்கள் நாட்டு வழக்கம். 1986 ஜனவரி 28இல் கிளம்பிய சற்று நேரத்தில் சேலஞ்சர் சிதறி, அவரும் உடன் போனவர்களும் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஆப்பிளைச் சாதாரணமாகக் கடந்துபோக யாராலும் முடிவதில்லை.

எண்ணில் இடறி விழ வேண்டாம். ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்தை ஏற்றிய பயணத்துக்கே ஸ்கைலாப் 1 என்று பெயர். அதில் ஆள் இல்லை. மனிதர்கள் போனவை ஸ்கைலாப் 2, 3, 4. ஆனால் அந்தக் குழுக்களின் பேட்ச்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இருக்கும். விற்பவர்களே இதில் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். பட்டியலில் உள்ள எண்ணை நம்பாமல் பேட்சில் உள்ள வீரர்களின் பெயர்களைப் படித்து முடிவு செய்யுங்கள்.

வேடிக்கைக்காகச் செய்தவையும் உண்டு. அப்பல்லோ 14இன் மாற்றுக் குழுவினர், ஓநாய் துரத்தி ஓட்டப்பறவை முந்தும் கார்ட்டூனை வைத்து ஒரு போலிப் பேட்ச் தயாரித்து, அசல் குழு போன கலத்தின் மூலை முடுக்கெல்லாம் ஒளித்து வைத்தார்கள். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் அது மிதந்து வந்தது. எஸ்.டி.எஸ். 13 என்று முதலில் எண்ணிடப்பட்டுப் பிறகு 41-சி ஆன பயணத்தின் வீரர்கள், அபசகுன எண்ணைக் கேலி செய்து கறுப்புப் பூனை போட்ட பேட்ச் ஒன்றை வைத்துக்கொண்டார்கள். அவர்கள் தரையிறங்கியது 1984 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை. இத்தகைய பேட்ச்களுக்கு அதிகாரபூர்வ அந்தஸ்து கிடையாது. சேகரிப்பாளர்களிடம் அவற்றுக்கு இருக்கும் மதிப்போ தனி.

மூன்றாம் படி: ஒரே படம், வெவ்வேறு பொருள்

ஒரே அப்பல்லோ 11 கழுகு ஒருவரிடம் சில டாலருக்குக் கிடைக்கிறது, இன்னொருவர் அதற்கு வீட்டு விலை கொடுக்கிறார். படம் ஒன்றுதான், பொருள் வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் பணத்தை எடுக்கவே கூடாது.

அடித்தட்டில் இருப்பது இன்றைய நினைவுப் பேட்ச். அருங்காட்சியகக் கடையில் தொங்குவது. பத்து டாலருக்கு உள்ளேயே கிடைக்கும். வட கரோலினாவின் வீவர்வில்லில் உள்ள ஏ-பி எம்பளம் நிறுவனம் 1970களின் தொடக்கம் முதல் நாசாவுக்குப் பேட்ச் தைத்துத் தருகிறது. பொதுமக்களுக்கும் அதுவே விற்கிறது. விண்ணோடக் காலத்துப் பேட்ச் ஒன்றை ‘வீரர்களுக்கே தைத்தது’ என்று கூடுதல் விலை சொன்னால், கடையில் விற்றதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு என்று விற்பவர் காட்ட வேண்டும். பெரும்பாலும் காட்ட முடியாது.

அடுத்தது, பயணம் நடந்த காலத்திலேயே விற்ற பழைய நினைவுப் பேட்ச். ஐம்பது ஆண்டு கடந்தது என்பதாலேயே விலை ஏறிவிடாது. அப்பல்லோ 11 ஆண்டில் உலகமே அதை வாங்கியது. அதனால் இன்றும் ஏராளமாக இருக்கிறது.

மூன்றாவது, வீரர்களுக்காகவும் நாசா ஊழியர்களுக்காகவும் தைத்தது. அப்பல்லோ காலத்தில் இதைப் பெரும்பாலும் பால்டிமோரின் லயன் பிரதர்ஸ் செய்தது. நெருக்கமான தையல், கூர்மையான எழுத்து. புதியவர்கள் மெல்ல மெல்ல இங்கே வந்து சேரலாம்.

நான்காவது பீட்டா துணி. இதைப் பற்றி நின்று பேச வேண்டும். 1967 ஜனவரி 27இல் அப்பல்லோ 1 கலத்துக்குள் தரைச் சோதனையின்போது தீப்பிடித்து கிரிஸம், எட்வர்ட் ஒயிட், ரோஜர் சாஃபி மூவரும் இறந்தார்கள். அதற்குப் பிறகு கலத்துக்குள் எரியக்கூடிய துணி எதுவும் கூடாது என்று மாற்றினார்கள். பூவேலை நூலும் எரியும். எனவே கண்ணாடி இழையில் நெய்து டெஃப்லான் பூசிய பீட்டா துணியில் சின்னத்தை அச்சடித்து உடையில் தைத்தார்கள். நிலவில் நடந்தவர்களின் நெஞ்சில் இருந்தது எம்பிராய்டரி பேட்ச் இல்லை. இந்த அச்சுத் துணிதான். தொட்டால் வழுவழுப்பாக, பழுப்பேறிய வெள்ளையாக இருக்கும். படத்தைச் சுற்றி வெட்டாத துணி மிச்சமிருக்கும். அதை மடிக்கவே கூடாது. கண்ணாடி இழை மடிப்பில் முறியும். பீட்டா துணி என்றாலே விண்ணுக்குப் போனது என்று எண்ணிவிடவும் வேண்டாம். அச்சடித்ததில் பெரும்பகுதி தரையிலேயே பலருக்கும் கொடுக்கப்பட்டது.

உச்சியில் இருப்பது விண்வெளிக்குப் போய் வந்த பேட்ச். அதிலும் பூமியைச் சுற்றியது, நிலவைச் சுற்றியது, நிலவில் இறங்கியது என்று படி உண்டு. கடைசி வகை மிகமிகச் சில.

நான்காம் படி: ஒரு வாய்க்கால் வெட்டுங்கள்

எல்லாவற்றையும் வாங்க ஆசை வரும். விண்ணோடம் மட்டும் 1981 முதல் 2011 வரை 135 முறை பறந்தது. அதோடு ரஷ்யாவின் சோயுஸ் கலங்கள், பன்னாட்டு விண்வெளி நிலையக் குழுக்கள், ஆளில்லாக் கலங்கள், ரகசியச் செயற்கைக்கோள்கள். 2013இல் ஏவிய ஒரு அமெரிக்க உளவுச் செயற்கைக்கோளின் பேட்சில் பூமியைக் கவ்விய ஆக்டோபஸ் இருந்தது, ‘எங்களுக்கு எட்டாதது எதுவுமில்லை’ என்ற வாசகத்தோடு. இந்தக் கடலில் கால் வைத்தால் முடிவே இல்லை.

ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிலவுக்குப் போனவை மட்டும் என்று வைத்தால் அப்பல்லோ 8, அப்பல்லோ 10 முதல் 17 வரை என ஒன்பது பேட்சில் ஒரு முழுத் தொகுப்பு கிடைத்துவிடும். தொடங்குபவருக்கு இதைவிட நல்ல இலக்கு இல்லை. ஒரே வீரரின் எல்லாப் பயணங்களும் என்று போகலாம். பெண்கள் பறந்தவை, ஒரே ஓவியர் வரைந்தவை, குழந்தைகள் வரைந்த ஓவியத்திலிருந்து தேர்ந்தெடுத்த சோயுஸ் பேட்ச்கள் என்றும் போகலாம். எனக்குப் பிடித்தது ரத்தான பயணங்கள். 1985இல் கைவிடப்பட்ட எஸ்.டி.எஸ். 51-இ போன்றவற்றுக்குப் பேட்ச் தயாராகிவிட்டது, பயணம்தான் நடக்கவில்லை. குழுவில் ஆள் மாறியதால் பெயர் மாற்றித் தைத்தவையும் இந்த வகைதான். குறைவாகவே தைத்திருப்பார்கள்; தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: கையில் எடுத்துச் சோதியுங்கள்

வாங்கும் முன் முன்பக்கம், பின்பக்கம், ஓரம் மூன்றின் தெளிவான படமும் கேளுங்கள். பின்பக்கப் படம் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

பின்பக்கம்தான் வயதைச் சொல்லும். பழைய பேட்சில் நூல் முடிச்சுகளும் அடித்துணியும் அப்படியே தெரியும். பிளாஸ்டிக் பூச்சும், இஸ்திரி போட்டு ஒட்டும் பசையும், வெல்க்ரோவும் பின்னால் இருந்தால் 1960களின் பேட்ச் என்ற பேச்சைச் சந்தேகியுங்கள். ஓரம் தடித்த ஓவர்லாக் தையலா, துணியை வெட்டிவிட்டதா என்று பாருங்கள். ஓவர்லாக் தையல் முடியும் இடத்தில் நூலின் வால் ஒன்று பின்னால் மடிந்து ஒட்டியிருக்கும். அடித்துணி வெளியே தெரிகிறதா, முழுப்பரப்பும் நூலால் நிரம்பியிருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றையும் உறுதியான ஒரு மாதிரியோடு ஒப்பிட்டால் பாதி வேலை முடிந்தது.

எழுத்துகளைத் தனியே படியுங்கள். மலிவான நகல்களில் பெயரின் எழுத்துகள் பிசிறடித்து ஒன்றோடொன்று ஒட்டிப் போகும், நட்சத்திரம் புள்ளியாகிவிடும். அப்பல்லோ 12இல் நட்சத்திரங்களை எண்ணுங்கள். 51-எல்லில் ஆப்பிளைத் தேடுங்கள். அதிகாரபூர்வ வரைபடங்களை நாசா பொதுவில் வெளியிட்டிருக்கிறது. பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

புற ஊதா விளக்கு ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. இன்றைய வெள்ளை நூலில் வெண்மை கூட்டும் ரசாயனம் இருப்பதால் இருட்டில் நீலமாகப் பளீரிடும். பழைய நூல் பொதுவாக மங்கலாகவே இருக்கும். ஆனால் இந்தச் சோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. சலவைத் தூளிலும் அதே ரசாயனம் உண்டு. யாரோ ஒருமுறை துவைத்த அசல் பேட்சும் பளீரிடும். சந்தேகத்தைக் கிளப்ப விளக்கு உதவும், முடிவு சொல்ல உதவாது.

ஆறாம் படி: காகிதம் இல்லாமல் ‘போய் வந்தது’ கிடையாது

விண்ணுக்குப் போய் வந்த பேட்சும் போகாத பேட்சும் பார்வைக்கு ஒன்றுதான். எந்த விளக்கும் காட்டிக்கொடுக்காது. விலை முழுவதும் அதன் பூர்வீகத்தில், அதாவது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற எழுத்துச் சான்றில் இருக்கிறது.

நல்ல சான்று எப்படி இருக்கும்? பயணம் போனவரே, இந்தப் பேட்சை இன்ன பயணத்தில் என் உடைமைப் பையில் கொண்டுபோனேன் என்று குறிப்பிட்டுக் கையெழுத்திட்ட கடிதம். அல்லது பேட்சின் மேலேயே அவர் கையால் எழுதிய குறிப்பு. அல்லது விண்ணோடக் காலத்தில் நாசா பேட்சைச் சான்றிதழோடு அட்டையில் பதித்து நிறுவனங்களுக்கும் பள்ளிகளுக்கும் வழங்கிய அமைப்பு. விற்பவர் தாமே அச்சடித்துத் தரும் ‘உண்மைச் சான்றிதழ்’ இந்த வரிசையில் சேராது. ‘இன்ன வீரரின் சேகரிப்பிலிருந்து’ என்ற சொல்லை நிதானமாகப் படியுங்கள். அவர் வீட்டு அலமாரியில் இருந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

எதை எடுத்துப் போகலாம் என்ற கட்டுப்பாடு இறுகியதற்கு ஒரு கதை உண்டு. 1971இல் அப்பல்லோ 15 குழுவினர் அனுமதி இல்லாமல் ஏறத்தாழ 400 அஞ்சலுறைகளை நிலவுக்குக் கொண்டுபோனார்கள். சில விற்பனைக்கு வந்ததும் விஷயம் வெடித்தது. மூவரும் கண்டிக்கப்பட்டார்கள். பின்னாளில், தம்மிடம் இருந்த பொருள்களை வீரர்கள் விற்கலாமா என்றே கேள்வி எழுந்தது. லவல் தம் அப்பல்லோ 13 குறிப்பேட்டை ஏலத்துக்கு விட்டபோது நாசா உரிமையைக் கேட்டது. 2012இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது: மெர்குரி, ஜெமினி, அப்பல்லோ காலத்து வீரர்கள் நினைவாக வைத்துக்கொண்ட பொருள்கள் அவர்களுக்கே சொந்தம். நிலவுக் கற்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அந்தக் காலத்துப் பேட்சை இன்று நிம்மதியாக வாங்க முடிவது இந்தச் சட்டத்தால்தான்.

கையெழுத்திலும் எச்சரிக்கை தேவை. அப்பல்லோ வீரர்களுக்கு வந்து குவிந்த கடிதங்களுக்குக் கையெழுத்துப் போடும் எந்திரம் பயன்பட்டது. ஒரே கையெழுத்து அச்சுப் பிசகாமல் இரண்டு இடத்தில் இருந்தால் அது எந்திரம் போட்டது.

விலையைப் பற்றி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். பெரிய ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலையை வெளியிடுகின்றன, அதைப் பாருங்கள். ஒரே வகைப் பேட்சுக்கு மூன்று, நான்கு விற்பனைகளைக் கண்ட பிறகே உங்கள் விலையை முடிவு செய்யுங்கள். பயணத்தின் புகழைவிட, அந்த வகையில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதும் நிலையும் சான்றும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. பணம் பெருகும் என்ற எண்ணத்தில் நினைவுப் பேட்ச்களை மூட்டையாக வாங்குவது வீண். விரும்புவதை வாங்குங்கள், வாங்குவதில் நல்லதை வாங்குங்கள்.

ஏழாம் படி: பத்திரமாக வையுங்கள்

தொடக்கத்தில் என் பேட்ச்களை ஸ்டேஷனரி கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உறைகளில் போட்டு வைத்திருந்தேன். சில ஆண்டுகளில் உறை பிசுபிசுத்து நூலோடு ஒட்டிக்கொண்டது. பிரித்து எடுத்தபோது வெள்ளை நூல் மஞ்சளாகியிருந்தது. பி.வி.சி. பிளாஸ்டிக்கின் வேலை அது. பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையும், அமிலம் இல்லாத அட்டையும் கேட்டு வாங்குங்கள்.

துவைக்கவோ இஸ்திரி போடவோ வேண்டாம். சாயம் இறங்கும், தையல் சுருங்கும். தூசிக்கு மென்மையான தூரிகை போதும். சட்டம் போட்டு மாட்டினால் வெயில் படாத சுவரில், புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி வைத்து மாட்டுங்கள். சிவப்பும் ஊதாவும் முதலில் வெளுக்கும். பசையோ இரட்டை ஒட்டு நாடாவோ பின்பக்கத்தில் படவே கூடாது. ஈரம் உள்ள இடமானால் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். பீட்டா துணியைத் தட்டையாக வையுங்கள். வெறுங்கையால் அதிகம் தடவ வேண்டாம்.

கடைசியாக ஒரு வேலை. ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு சிறு அட்டை எழுதுங்கள். பயணம், ஆண்டு, எங்கே எப்போது என்ன விலைக்கு வாங்கியது, எந்த வகை, அளவு, பின்பக்கம் எப்படி, ஓரம் எப்படி, என்ன சான்று இருக்கிறது. நாளை உங்களிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்போது அந்த அட்டையே அதன் பூர்வீகமாகிவிடும். அட்டையின் பின்பக்கத்தைக் காலியாக விட்டு, பேட்சில் நீங்களே கண்டுபிடித்ததை அங்கே எழுதுங்கள். என் அப்பல்லோ 12 அட்டையின் பின்பக்கத்தில் ஒரே வரிதான் இருக்கிறது: “நட்சத்திரங்கள் 4. நான்காவது, வில்லியம்ஸ்.”